விசாரிக்க ஒரு பெயர்

லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் மணிப் பொத்தானை அழுத்துவோம். எங்கோ ஓர் அறையில் போன் அடிக்கும், ஒரு பெண் எடுத்துப் பேசுவார். எங்கள் ஊரில் பல வருஷம் அந்தப் பெண் எங்கள் அண்ணிதான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு வியர்த்து விறுவிறுத்தவர்களில் பாதிப் பேருக்கு அவருடைய குரல் தெரியும், முகம் ஒருத்தருக்கும் தெரியாது. எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை மாட்டிக்கொண்டு அவரிடம் போனில் புலம்பித் தீர்த்திருக்கிறார். மறுநாள் மாடிப்படியில் அண்ணியை நிறுத்தி, "லிஃப்ட் கம்பெனியில ஒரு அம்மா இருக்காங்க, தங்கமான குணம், உங்களுக்குத் தெரியாது" என்று அண்ணியிடமே சொன்னார். அண்ணியும் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு காய்கறிப் பையோடு மேலே வந்துவிட்டார். நானாக இருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பேன்.

அண்ணி ஆளும் அப்படித்தான். கூட்டத்தில் நின்றால் கூட்டத்தோடு போய்விடுவார். எங்கள் குடும்பப் போட்டோக்கள் எல்லாவற்றிலும் யாருடைய தோளுக்குப் பின்னாலாவது அரை முகமாக இருப்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் ஒருதலைப்பட்சமாகப் பேசினால் காரணம் தெரிந்திருக்கட்டும்.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மாட்டிக்கொண்டவர்களிடம் நேரம் சொல்ல மாட்டார். அந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தாலும் "அஞ்சு நிமிஷத்துல ஆள் வந்துடுவார்" என்றுதான் வாய் தானாகச் சொல்லும். அப்படிச் சொன்னால் உள்ளே இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார், ஆறாவது நிமிஷம் கதவை உதைப்பார் என்பார் அண்ணி. "ஆள் கிளம்பிட்டார், நான் லைன்லயே இருக்கேன்" என்பதுதான் அவருடைய வசனம். அதையும் ஆள் உண்மையிலேயே கிளம்பியிருந்தால்தான் சொல்வார். பிறகு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பிள்ளை என்ன படிக்கிறது, மேலதிகாரி எப்படிப்பட்ட கிராதகன் என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். கதவு திறக்கிற சத்தம் காதில் விழுகிறவரை போனை வைக்க மாட்டார். மெக்கானிக்குகள் அவருக்கு 'லைன் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த அறையை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன், அண்ணி மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கப் போனபோது. கம்பெனிக் கட்டடத்தின் பின்பக்கம், வண்டிகள் நிறுத்துகிற இடத்தைப் பார்த்த மாதிரி ஒரு ஜன்னல். சுவர் நிறைய ஊர் வரைபடம். இரண்டு நாற்காலி, இரண்டு போன், சத்தம் புகாமல் இருக்க எப்போதும் சாத்தியே இருக்கும் கதவு. மேனேஜர் வேறு கட்டடத்தில் இருந்தார், ஆடிக்கொரு தரம் எட்டிப் பார்ப்பார். இரண்டாவது நாற்காலியில் இருந்தவர்தான் அண்ணிக்கு மேலதிகாரி. மெக்கானிக்குகள் அவரை 'கண்ட்ரோல்' என்பார்கள். எந்தக் கட்டடத்துக்கு எந்தச் சந்து வழியாகப் போகலாம், எந்தக் காவலாளி மோட்டார் அறைச் சாவியைக் கொடுக்காமல் இழுத்தடிப்பான், எந்த மெக்கானிக் சாப்பாட்டு நேரத்தில் எங்கே இருப்பான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் ஆளை அனுப்புவார், அண்ணி லைனில் இருப்பார். கட்டிக்கொண்ட புருஷன் பெண்டாட்டியைக்கூட ஒரே அறையில் அத்தனை வருஷம் அடைத்துவைத்தால் அடிதடி நடந்திருக்கும். இவர்கள் ஒருநாள்கூடச் சண்டை போட்டதாக நான் கேள்விப்படவில்லை. வீட்டில் அவர் பேச்சு வந்தால் அண்ணி, "சார் நல்ல மனுஷன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

பிறகு கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. பொத்தானை அழுத்தினால் இப்போது இயந்திரம் பேசுகிறது, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்கிறது. அறையைப் பூட்டினார்கள். அண்ணிக்கும் கண்ட்ரோலுக்கும் ஆளுக்கொரு பூங்கொத்தும் கைகுலுக்கலும் கிடைத்தது. பூங்கொத்தை அண்ணன் ஒரு தம்ளரில் வைத்தார், இரண்டு நாளில் வாடிப்போய்க் குப்பைக்குப் போனது.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். முதுகெலும்பு மக்கர் பண்ணியதால் இனி ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதிலிருந்து எங்கள் வீட்டு அடுப்படி அவர் கையில். நான் கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதுகிறவன். இப்போது எல்லோரும் பிளாஸ்டிக்கில் அச்சடித்து மாட்டிவிடுகிறார்கள், எனக்கு வேலை வருவது வந்தால் உண்டு. ஆகமொத்தம் வீடு ஓடியது அண்ணியின் சம்பளத்தில். அது நின்றால் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணியின் அக்கா வீட்டு மொட்டைமாடி அறையில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். அக்கா கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் அதை ஊர் முழுக்கச் சொல்லிக்காட்டுவார். அந்த வீட்டுக்குப் போவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே அண்ணிக்கு முகம் செத்துவிடும்.

அதே அக்காவுக்கு ஒரு மகள், பெரிய ஆபீஸில் ஆள் எடுக்கிற பிரிவில் இருக்கிறாள். நாங்கள் அவளை 'எச்.ஆர்.' என்றே கூப்பிடுவோம், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவள்தான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"சித்தி, ஒரு வேலைக்கு நூத்துக்கணக்குல விண்ணப்பம் வருது. ஒவ்வொண்ணையும் நாங்க டீயை ஊதிக் குடிக்கிற நேரத்துக்குத்தான் பார்ப்போம். அதுக்குள்ள எங்க கண்ணுல படணும். நீங்க தனியாத் தெரியணும்."

"தனியாத் தெரியறதுன்னா?"

"மத்தவங்ககிட்ட இல்லாதது உங்ககிட்ட என்ன இருக்கு?"

அண்ணி நிஜமாகவே யோசித்தார். "அப்படி ஒண்ணும் இல்லையேம்மா."

"சரி, சாதனைன்னு ஏதாவது சொல்லுங்க. எத்தனை பேரைக் காப்பாத்தியிருப்பீங்க?"

"நான் எங்க காப்பாத்தினேன்? கதவைத் திறக்கறது மெக்கானிக்தானே. நான் சும்மா பேசிக்கிட்டு இருப்பேன்."

"சும்மா பேசிக்கிட்டு இருந்தேன்னு எழுத முடியாது சித்தி."

கடைசியில் அவளே எதையோ தட்டினாள். 'நெருக்கடிநிலைத் தொடர்பு நிபுணர்' என்று மேலே கொட்டை எழுத்தில் வந்தது. ஓரத்தில் ஒரு நீலப் பட்டை, அதில் அண்ணியின் படம். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "யாரு இது?" என்றார். அண்ணன் அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது.

அதைவிடக் கூத்து வீடியோ. சில இடங்களில் ஒரு நிமிஷம் தன்னைப் பற்றிப் பேசி அனுப்பச் சொல்கிறார்களாம். வெளிச்சமாக இருக்கிற சுவர் அருகே அண்ணியை நிற்கவைத்து எச்.ஆர். போனைப் பிடித்தாள். அண்ணி கண் கொட்டாமல் போனையே பார்த்தார்.

"பேசுங்க சித்தி."

"யார்கிட்ட?"

"யார்கிட்டயும் இல்ல, கேமராகிட்ட."

"அந்தப் பக்கம் யாருமே இல்லாம எப்படிப் பேசறது?"

இருபது தடவை எடுத்திருப்பாள். ஒன்றிலும் அண்ணி தன் பெயரைத் தாண்டவில்லை. எனக்குத்தான் யோசனை தோன்றியது. நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன், அங்கிருந்து அண்ணிக்குப் போன் போட்டேன். "அண்ணி, லிஃப்ட் நின்னுபோச்சு, மூச்சு முட்டுது" என்று ஒரு அலறல். விளையாட்டுக்குத்தான் செய்தேன். ஆனால் அந்தப் பக்கம் வந்த குரல் வீட்டில் நான் கேட்கிற அண்ணியின் குரல் இல்லை. அவசரமே இல்லாமல், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி, "சரி, நான் லைன்லயே இருக்கேன். சுவத்துல முதுகைச் சாய்ச்சுக்குங்க. சாப்பிட்டீங்களா இன்னிக்கு?" என்றது. உண்மையைச் சொல்கிறேன், சாத்திய குளியலறையில் நின்றுகொண்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் அம்மா போன பிறகு யாரும் அந்தக் கேள்வியை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

வீடியோ பிரமாதமாக வந்தது. ஆனால் அதில் ஒரு பெண் குளியலறைக் கதவைப் பார்த்துப் போனில் பேசிக்கொண்டிருந்தார். "இதை அனுப்பினா சித்தியைத் தனியாத்தான் பார்ப்பாங்க, சந்தேகமே இல்ல" என்று சொல்லி எச்.ஆர். அதை அழித்தாள்.

மாதங்கள் போயின. நீலப் பட்டை போட்ட விண்ணப்பம் ஊரெல்லாம் சுற்றியது. பெரும்பாலான இடங்களிலிருந்து பதிலே இல்லை. இரண்டு இடத்தில் கூப்பிட்டு, பார்த்து, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அண்ணி வீட்டில் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. போன் அடித்தால் முதல் மணியிலேயே பாய்ந்து எடுப்பார், கடன் அட்டை விற்கிறவர்களாக இருந்தாலும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு வைப்பார். அண்ணன் ஒன்றும் கேட்க மாட்டார், குழம்பில் உப்பு மட்டும் கூடும் குறையும்.

அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரி விளம்பரம் வந்தது. ஆம்புலன்ஸ் அனுப்புகிற அறைக்குப் பகல் பொறுப்பாளர் வேண்டும். ஒரே ஓர் இடம். எச்.ஆர். தலைகீழாக நின்று அந்த விண்ணப்பத்தைச் செய்தாள். கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி: உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவர் ஒருவருடைய பெயரும் எண்ணும் வேண்டும், அவரைக் கூப்பிட்டு விசாரிப்போம்.

"நல்லா யோசிச்சுக் கொடுங்க சித்தி. இவர் ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா எல்லாம் போச்சு."

யோசிக்க என்ன இருக்கிறது? சாத்திய கதவுக்குப் பின்னால் அண்ணி வேலை செய்ததைப் பார்த்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அண்ணி கண்ட்ரோலுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

"சார், ஒரு இடத்துக்குப் போடறேன். உங்க பேரைக் கொடுக்கலாமா?"

"தாராளமாக் கொடுங்கம்மா. நானும் ஒரு இடத்துக்குப் போட்டிருக்கேன். உங்க பேரைத்தான் கொடுத்திருக்கேன், கேக்காமலே கொடுத்துட்டேன்."

"அதனாலென்ன சார்."

எந்த இடம் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. வேலை தேடுகிறவர்கள் யாரும் இடத்தின் பெயரை வெளியே விட மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்று சொல்லிக்கொள்வார்கள். இன்னொருத்தன் போட்டிக்கு வந்துவிடுவான் என்பதுதான் நிஜமான பயம். நாங்களும் பக்கத்து வீட்டுக்கு மூச்சு விடவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று பேரைத்தான் கடைசிவரை வைத்திருந்தார்கள். அண்ணி போனபோது தாழ்வாரத்தில் போட்டிருந்த நாற்காலியில் கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞன் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்து ஒப்பித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் கன்னங்கரேல் என்று மீசை வைத்த ஒருவர் பைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணிக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. கண்ட்ரோல் தலைக்கும் மீசைக்கும் சேர்த்துச் சாயம் அடித்திருந்தார், நெற்றி ஓரத்தில் கொஞ்சம் வழிந்தும் இருந்தது.

"என்னம்மா, நீங்க இங்க?"

"நீங்க சார்?"

உள்ளே இருந்த அதிகாரி அம்மாளுக்கு இது வேடிக்கையாக இருந்திருக்கிறது. "நீங்க அவர் பேரைக் கொடுத்திருக்கீங்க, அவர் உங்க பேரைக் கொடுத்திருக்கார். வழக்கப்படி ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கத்தான் போறோம். ஆட்சேபணை இல்லையே?" என்று கேட்டாராம். இல்லை என்று அண்ணி சொல்லியிருக்கிறார். வேறென்ன சொல்ல முடியும்? வெளியே வந்ததும் வாசல் கடையில் கண்ட்ரோல் டீ வாங்கிக் கொடுத்தார். "எது நடந்தாலும் மனசுல வச்சுக்க வேண்டாம்மா" என்றார். அண்ணி தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் போன் வந்தது. நான் கூடத்தில் தரையில் பலகையைப் போட்டு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி எண்ணைப் பார்த்ததும் பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். பேசியது கேட்கவில்லை. கொடியில் இருந்த துணிக் கவ்விகளை ஒரு கையால் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் வைத்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. உள்ளே வந்ததும் கேட்டேன்.

"என்ன அண்ணி?"

"சாரைப் பத்திக் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருக்கறதைச் சொன்னேன்."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். அண்ணியை எனக்குத் தெரியாதா? சார் நல்ல மனுஷன், சார் மாதிரி உண்டா என்று ஆகா ஓகோ என்று சொல்லித் தொலைத்திருப்பார். "போட்டிக்கு நிக்கறவரைப் போய் யாராவது புகழ்வாங்களா? இந்தக் காலத்துல இவ்வளவு அப்பாவியா இருந்தா எப்படி?" என்று பிரஷ்ஷை ஆட்டி ஆட்டிப் பிரசங்கம் செய்தேன். அண்ணி அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார். "கழுவி வச்ச பாத்திரத்தை எதுக்கு மறுபடி கழுவறே?" என்று அண்ணன் கேட்டது என் காதில் விழுந்தது.

வாரக் கடைசியில் செய்தி வந்தது, நாலு வரி. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இம்முறை வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். எச்.ஆர். போனிலேயே அழுதுவிட்டாள். அண்ணன், "மாடி ரூம்ல காத்து நல்லா வரும்" என்றார். அவருக்கு அன்றைக்கு அந்த ஆறுதல்தான் கைவசம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டினார்கள். திறந்தால் கண்ட்ரோல். சாயம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அண்ணன் காபி கொண்டுவந்து வைத்தார். அவர் அதைத் தொடவில்லை.

"நாளைக்குச் சேரச் சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லிடணும்னு வந்தேன்மா" என்றார். "உங்களைப் பத்தி என்கிட்டக் கேட்டாங்க. அந்த நாற்காலிக்கு உங்களைவிட நல்ல ஆள் கிடைக்காதுன்னு சொன்னேன்."

"அப்புறம் எப்படி சார் வேலை உங்களுக்குக் கிடைச்சுது?" என்று நான்தான் கேட்டேன். மரியாதையாகக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

"அதோட நிறுத்தியிருக்கணும் தம்பி. நிறுத்தலை." அவர் உள்ளங்கைகளை முழங்காலில் தேய்த்துக்கொண்டார். "அவங்களுக்கு இன்னும் வயசு இருக்கு, வேலையில கெட்டிக்காரங்க, இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு யாராவது கூப்பிட்டுக்குவாங்க. என்னை இந்த வயசுக்கு மேல யாரும் கூப்பிட மாட்டாங்க. வேலை ஒழுங்கா நடக்கணும்னா அவங்களை எடுங்க. எனக்கு ஒரு வழி காட்டணும்னு உங்களுக்குத் தோணினா என்னை எடுங்க. அப்படின்னு சொல்லிட்டேன். இத்தனை பேரை விசாரிச்சோம், எல்லாரும் தன்னைத்தான் ஒசத்திச் சொன்னாங்க, இப்படிச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்னு அந்தம்மா சொன்னாங்க."

தனியாகத் தெரிவது என்று எச்.ஆர். மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தான் போலிருக்கிறது. நீலப் பட்டையும் வேண்டாம், நெருக்கடிநிலை நிபுணரும் வேண்டாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணி எழுந்து நின்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"என்னைப் பத்தி நல்லதாச் சொல்லியே என் வேலையை வாங்கிட்டீங்களே சார். நாளைக்கு யாராவது கூப்பிடுவாங்கன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்? யார் கூப்பிட்டாங்க? நீங்க பார்த்தீங்களா? இந்த வீட்டைக் காலி பண்ணப் போறோம், தெரியுமா உங்களுக்கு? நீங்க என்னைத் திட்டியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிக்காது."

"நீங்க சொல்றது நியாயம்மா" என்றார் கண்ட்ரோல். தலை குனிந்தே இருந்தது. "திட்டுங்க."

எனக்கு அந்தப் பணிவு இன்னும் எரிச்சலாக இருந்தது. "அவங்ககிட்ட உங்க பெருமைதான் பேசினீங்களா, இல்ல உங்க குறை ஏதாவது கேட்டாங்களா?" என்றேன்.

"கேட்டாங்க தம்பி. அழறவங்ககிட்ட உங்களுக்குப் பேச வராதாமேன்னு கேட்டாங்க. ஆமான்னேன். கத்துக்கறேன்னு சொன்னேன்."

"அதை யார் சொன்னாங்களாம்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து செருப்பைத் தேடினார். "அது... ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். யாராவது சொல்லியிருப்பாங்க" என்றார். அண்ணனுக்கு ஒரு கும்பிடு போட்டார், அண்ணியைப் பார்த்து "வரேன்மா" என்றார், படியிறங்கிப் போய்விட்டார்.

கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த வசவுகள் தீர்ந்ததும் புதிதாக இரண்டு மூன்று உண்டாக்கினேன். நல்லவன் வேஷம், நயவஞ்சகம், பச்சைத் துரோகம், கூட உட்கார்ந்து சோறு தின்றவளின் வயிற்றில் அடித்தவன். அண்ணன்கூடத் தலையை ஆட்டினார்.

"போதும் தம்பி" என்றார் அண்ணி. அவர் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். "எல்லாருக்கும் தெரியாது."

"எது?"

"அவருக்கு அழறவங்ககிட்ட பேச வராதுங்கறது. ரெண்டு போனும் ஒண்ணா அடிச்சா ஒண்ணை அவர்தான் எடுக்கணும். உள்ள மாட்டிக்கிட்டவங்க அழ ஆரம்பிச்சா போனை அப்படியே மேசைமேல வச்சுட்டு ஜன்னல்கிட்டப் போய் நின்னுடுவார். அதுவும் குழந்தைக் குரல் கேட்டா காதையே பொத்திக்குவார். நான் அந்தப் போனையும் எடுத்துப் பேசுவேன். அத்தனை வருஷமும் அப்படித்தான். மேனேஜருக்குத் தெரியாது, மெக்கானிக்குங்களுக்குத் தெரியாது. நாங்க ரெண்டு பேரும்கூட அதைப் பத்திப் பேசிக்கிட்டதே இல்ல." அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு மட்டும்தான் தெரியும்."

காலையில் நான் எழுதிவைத்த பலகையில் வர்ணம் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் காபித் தம்ளரைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

"இருக்கறதைத்தானே சொன்னீங்க அண்ணி" என்றேன்.

"இருக்கறதுதான். ஒரு குறையாவது சொல்லுங்கன்னு அந்தம்மா கேட்டு முடிக்கலை, அதுக்குள்ள சொல்லிட்டேன். அந்த வேலை அவருக்குக் கிடைக்காமப் போயிடும்னு தெரிஞ்சுதான் சொன்னேன்." கதவுப் பக்கம் கையைக் காட்டினார். "இப்போ அவரை நிக்கவச்சு அவ்வளவு பேசினேன். திருப்பி என்னை ஒரு வார்த்தை கேக்கலை தம்பி."